ஓர் ஆமைக்கு இரண்டு பேர்

மாலை வகுப்பில் எங்கள் விரிவுரையாளர் கொடுத்த வேலை சொல்வதற்கு எளிமையானதுதான். "இலவசமா கிடைக்கிற கல்வி இணையதளம் ஏதாவது ஒண்ணை எடுத்துக்கோங்க. ஒரு பருவம் உங்க வகுப்புல பயன்படுத்துங்க. என்ன நடக்குதோ அதை அப்படியே எழுதிட்டு வாங்க."

பகலில் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். சாயங்காலம் ஆசிரியர் பயிற்சிக்கு மாணவியாகப் போகிறேன். எதையும் எழுதி வைக்காவிட்டால் அது நடந்ததா என்று எனக்குச் சந்தேகம் வரும். எழுதி வைத்தால் சரியாகத்தான் எழுதினேனா என்று சந்தேகம் வரும். அதனால் இந்த வாரம் நடந்ததை வரிசை தவறாமல் எழுதப் பார்க்கிறேன்.

நான் எடுத்துக்கொண்டது கணக்குப் பயிற்சி தரும் ஒரு தளம். குழந்தைகள் ஆளுக்கு ஒரு விலங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விடை சரியானால் விலங்கு ஓர் அடி முன்னால் போகும், அடுத்த கணக்கு கொஞ்சம் கடினமாகும். வாரக் கடைசியில் ஒவ்வொரு விலங்குக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறம் கொடுத்து அட்டவணை போட்டுத் தரும். எல்லாமே இலவசம், இருபது விலங்குகள் வரை. என் வகுப்பில் நாற்பது குழந்தைகள்.

கணினி அறையிலும் பாதிப் பேருக்குத்தான் இடம். எனவே வகுப்பை இரண்டாகப் பிரித்தேன். முதல் பாதி கணினியில், மறு பாதி பின்னால் தரையில் உட்கார்ந்து நோட்டில். பாதி நேரம் ஆனதும் இடம் மாறுவார்கள். விலங்கு மட்டும் மாறாது, முதலில் உட்கார்ந்தவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடர்வார். அந்த ஏற்பாடு கச்சிதமாகப் பொருந்தியதைப் பார்த்து எனக்கு அன்று பெருமைகூட வந்தது.

அதிலிருந்து வகுப்பில் யாருக்கும் சொந்தப் பெயர் இல்லை. பெரிய முயல், சின்ன முயல், பெரிய மயில், சின்ன மயில். யார் உயரமோ அவர் பெரியவர். கணக்கைவிடக் கூச்சல்தான் அதிகம். "டீச்சர், என் மயில் அசைய மாட்டேங்குது!" "டீச்சர், இவன் என் யானைக்குத் தொப்பி போட்டுட்டான்!" நடுவில் விளம்பரம் வந்து காலணி விற்கும். இணைப்பு போனால் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், நாற்பது பேரும் அதோடு சேர்ந்து தலையைச் சுற்றுவார்கள்.

பக்கத்து வகுப்பு அக்கா ஒரு நாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "என்னடி இது, மிருகக்காட்சி சாலையா?"

"கணக்குப் பாடம் அக்கா."

"ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க. நீ கிளாஸுக்குள்ளயே கூட்டிட்டு வந்திருக்கியே!"

சிரித்துவிட்டேன். எங்கள் ஆமையைப் பற்றி எனக்கு அப்போது எந்தப் புகாரும் இல்லை. அது எல்லா விலங்குகளையும் முந்திக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு அட்டவணையைக் கேட்டார். வெளியிலிருந்து ஒரு கணக்கு ஆசிரியை இந்தப் பருவம் மட்டும் நம் பள்ளிக்கு வரப்போகிறார், பள்ளி தொடங்கும் முன் ஐந்து குழந்தைகளைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பார், யார் அந்த ஐந்து பேர் என்பதை வெள்ளிக்கிழமைக்குள் முடிவு செய்ய வேண்டும் என்றார். "உன் அட்டவணைதான் இருக்கே. சிவப்பை எடு, முடிஞ்சது வேலை." அட்டவணையில் விலங்குகள் மட்டுமே இருந்ததால், அலுவலகத்தில் சொல்லி ஒவ்வொரு விலங்கின் கீழும் இரண்டு பேரின் பெயர்களையும் எழுத வைத்தார். மதியத்துக்குள் அது தாழ்வாரத்துச் சுவரில் ஏறிவிட்டது.

ஆமைக்கு நேரே நல்ல பச்சை. சின்ன ஆமை வாயாடி, விரல்களில் சக்கரம் கட்டியவள். பெரிய ஆமை எங்கள் பள்ளி வேன் ஓட்டுநரின் மகள். வகுப்பில் அவள் இருப்பதே தெரியாது. சாயங்காலம் அவள் அப்பா சுவருக்கு முன்னால் நின்று பச்சையை ஃபோனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "டீச்சர், எங்க வீட்ல கணக்குன்னாலே எல்லாரும் ஓடுவோம். இவ பச்சை! எனக்கே நம்ப முடியலை" என்றார்.

நான்தான் நம்பியிருக்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை கணினி அறையில் இடம் மாறிய பிறகு பெரிய ஆமையின் பின்னால் நிற்க நேர்ந்தது. ஒரு கணினி கெட்டுப்போய் அதன் அருகில் குனிந்திருந்தேன், நிமிர்ந்தபோது அவள் திரை கண்ணில் பட்டது, அவ்வளவுதான். திரையில் மூன்று இலக்கக் கழித்தல் கணக்கு. ஆமை கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தது. அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தாள். கெட்ட கணினியைச் சரி செய்துவிட்டு வந்து பார்த்தேன். அதே கணக்கு, அதே ஆமை, அதே கைகள்.

"என்னம்மா, போடலையா?"

தலையை ஆட்டினாள்.

"தெரியலையா?"

அதற்கும் ஒரு தலையாட்டல். பிறகு ரகசியம் சொல்கிற குரலில் சொன்னாள்: "தொடாம இருந்தா தப்பு வராது டீச்சர்."

சின்ன ஆமை பின்னாலிருந்து தலையை நீட்டினாள். "ஆமா டீச்சர், நான்தான் சொன்னேன். அவ தொட்டா ஆமை பின்னால போயிடுது. அதனால நீ சும்மா பார்த்துட்டு இருன்னு சொல்லிட்டேன்." குற்றம் சொல்லும் குரல் இல்லை. தோழிக்கு நல்ல வழி காட்டிய பெருமை அதில் இருந்தது.

இடைவேளையில் தளத்தின் விளக்கப் பக்கத்தைப் படித்தேன். முதல் நாளே படித்திருக்க வேண்டியது. விடை அளிக்கப்பட்ட கணக்குகள் மட்டுமே மதிப்பிடப்படும் என்று ஒரே வரி. பதில் சொல்லாமல் உட்கார்ந்திருப்பவரை அதற்குத் தெரியவே தெரியாது. சின்ன ஆமை தன் நேரத்தில் ஆமையை மலை மேல் ஏற்றி வைக்கிறாள். பெரிய ஆமை வந்து மலை உச்சியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறாள். இருவருக்கும் பச்சை. நோட்டிலும் எனக்கு எதுவும் தெரியவில்லை. கரும்பலகையைப் பார்த்து அழகாக எழுதி விடுகிற பெண் அவள்.

ஐந்து இடங்களில் ஒன்று அவளுக்கு வேண்டும். இந்தப் பருவம் விட்டால் அந்த ஆசிரியை வரமாட்டார். அடுத்த வருஷம் வகுத்தல் வந்துவிடும். கழித்தல் தெரியாமல் வகுத்தலுக்குள் போவது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது மாதிரிதான். பச்சை நிறத்தோடு அவளை அனுப்பி வைக்கப் போவது நான்.

தளத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன்: ஒரே விலங்கை இருவர் பயன்படுத்தியிருக்கிறார்கள், யார் எதைச் செய்தார்கள் என்று பிரித்துத் தர முடியுமா? உடனே பதில் வந்தது. அவ்வளவு வேகமாக வந்ததிலேயே தெரிந்திருக்க வேண்டும். எங்களுக்கு எழுதியதற்கு நன்றி, கட்டணப் பதிப்பில் இன்னும் அறுபது விலங்குகள் காத்திருக்கின்றன!

அன்று மாலை வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். விரிவுரையாளர் மிகவும் மகிழ்ந்தார். "அருமையான அவதானிப்பு! இதை விரிவா எழுதுங்க."

"எழுதிடறேன் சார். அந்தப் பொண்ணை என்ன பண்றது?"

"அது உங்க பள்ளி நிர்வாகம் சம்பந்தப்பட்டது. நம்ம பாடத்திட்டத்துல வராது."

பக்கத்தில் உட்காரும், இரண்டாம் வகுப்பு எடுக்கும் அண்ணன் என் பக்கம் சாய்ந்தார். "தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காதேன்னு சொல்லுவாங்க. நீ பார்த்திருக்கலாம்மா."

"இப்ப சொல்றீங்களே அண்ணா."

"நானும் அதே மாட்டைத்தான் வச்சிருக்கேன். எனக்கு ஒரு சிங்கத்துக்கு மூணு பேர்" என்றார். அதன் பிறகு அவர் சிரிக்கவில்லை.

புதன்கிழமை காலை தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். வாயைத் திறந்ததும் தலைகீழாக வந்தது.

"மேடம், ஆமை பச்சை இல்லை. அதாவது, ஆமை பச்சைதான். ஆனா அது சின்ன ஆமையோட பச்சை."

அவர் பேனாவை வைத்தார். "உன் வகுப்புல எத்தனை ஆமை இருக்கு?"

"ஒண்ணுதான் மேடம். ஆனா ரெண்டு பேர்."

"ஒரே ஆமைக்கு ரெண்டு பேரா? ஆளுக்கு ஒண்ணுன்னு நினைச்சுத்தானே ரெண்டு பேரையும் எழுத வச்சேன்?"

"எல்லா விலங்குக்கும் ரெண்டு பேர் மேடம். இருபதுதான் இலவசம்."

அவர் தாழ்வாரத்துப் பக்கம் கையைக் காட்டினார். "அப்போ சுவத்துல ஒட்டியிருக்கோமே, அது?"

பதில் என் முகத்தில் இருந்திருக்கும்.

"சிவப்புலேர்ந்து எடுத்தோமே அஞ்சு பேர்? அதாவது சரியா?"

"தெரியலை மேடம்."

"உனக்கே தெரியலைன்னா யாருக்கும்மா தெரியும்? அட்டவணையைக் குடுத்தது நீ. வழவழன்னு கலர்ல இருந்துது, நானும் நம்பினேன். பெத்தவங்க எல்லாம் படம் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. இப்ப வந்து கிணறு வெட்ட பூதம் கிளம்பின கதை சொல்ற."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. கோபப்பட ஓர் ஆள்கூட எனக்குக் கிடைக்கவில்லை. தளம் தன் விதியை எழுதித்தான் வைத்திருக்கிறது. சின்ன ஆமை தோழிக்கு உதவினாள். மேடம் என்னை நம்பினார்.

கடைசியில் அவர் பெருமூச்சு விட்டார். "பழையபடி பேப்பர்ல எழுத வை. நாற்பது பேரும். வெள்ளிக்கிழமை மத்தியானம் என் மேஜையில இருக்கணும். ஆனா ஒண்ணு. பச்சைன்னு சொன்ன பொண்ணை இல்லைன்னு சொல்லப் போற. அவங்க அப்பாகிட்ட நீயே பேசு. அவர் வந்து சரின்னு சொன்னாத்தான் பேர் எழுதுவேன். வேண்டாம்னு சத்தம் போட்டா அந்த இடத்தை வேற பிள்ளைக்குக் குடுத்துடுவேன். எனக்கு வேற வேலை இருக்கு."

வியாழக்கிழமை ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுத்தேன். இழவு வீடு மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டார்கள். "விலங்கு இல்லையா டீச்சர்?" "தாள்ல நாமளே வரைஞ்சுக்கலாமா டீச்சர்?" கரும்பலகையில் நான்கு கழித்தல் கணக்குகள் எழுதினேன். அறை அமைதியாயிற்று. பென்சில் ஓசை கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் தோன்றியது.

சின்ன முயல் முதல் ஆளாகக் கொண்டு வந்து கொடுத்தான். நான்கும் சரி. சிவப்புப் பட்டியலில் இருக்கும் பையன் அவன்.

"கம்ப்யூட்டர்ல மட்டும் ஏன்டா எல்லாம் தப்பு?"

"தப்பாப் போட்டா முயல் பள்ளத்துல விழும் டீச்சர். கால் ரெண்டும் மேல நிக்கும். சூப்பரா இருக்கும்!"

பெரிய முயலும் அதே வேடிக்கைக்காகத்தான் அழுத்தியிருக்கிறான். அவனுக்கும் நான்கும் சரி. ஆக, ஐந்தில் இரண்டு இடம் முயல் விழுகிற அழகுக்காகப் போயிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லாரும் கொடுத்துவிட்டு விளையாடப் போனார்கள். பெரிய ஆமை மட்டும் உட்கார்ந்திருந்தாள். தாள் வெள்ளையாக இருந்தது, கைகள் மடியில் இருந்தன. தாளிலும் அவள் தொடாமல் இருக்கத் தெரிந்துகொண்டுவிட்டாள். வெறும் தாளைக் கொண்டுபோய் மேடத்திடம் கொடுத்தால், அன்றைக்கு அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்றுதான் கேட்பார்.

பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். "எழுதேன்."

"தப்பாயிடும் டீச்சர்."

"ஆகட்டும்."

நம்பாமல் பார்த்தாள். "தப்பானா சிவப்பு வரும். அப்பா பச்சையை எல்லாருக்கும் காட்டிட்டாரு. மாமாவுக்குக்கூட அனுப்பிட்டாரு."

"பேப்பர்ல சிவப்பு தானா வராதும்மா. நான் போட்டாத்தான் வரும். என்கிட்ட சிவப்பு பேனாவே இல்லை, பாரு." இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். பையையும் திறந்து காட்டினேன். அவள் உள்ளே எட்டிப் பார்த்துச் சரிபார்த்தாள்.

"நீ எப்படிப் போடுவியோ அப்படிப் போடு. எனக்கு உன் தப்புதான் வேணும்."

இப்படி ஓர் ஆசிரியை கேட்கலாமா என்று பயிற்சியில் யாரும் சொல்லித் தந்ததில்லை. அவள் பென்சிலை எடுத்தாள். நாற்பத்திரண்டிலிருந்து பதினேழு. முப்பத்தைந்து என்று எழுதினாள். நான் வாயைத் திறக்காமல் இருப்பதற்குப் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அறுபத்துமூன்றிலிருந்து இருபத்தெட்டு, நாற்பத்தைந்து. ஐம்பத்தொன்றிலிருந்து முப்பத்துநான்கு, இருபத்துமூன்று. கடைசிக் கணக்கு எழுபத்தைந்திலிருந்து முப்பத்திரண்டு. அது சரியாக வந்தது.

அப்போது புரிந்தது. அவளுக்குக் கழிக்கத் தெரியும். மேலே சின்ன இலக்கமும் கீழே பெரிய இலக்கமும் இருந்தால் மட்டும் அவற்றைத் திருப்பிப் போட்டுக் கழிக்கிறாள். எப்போதும், ஒழுங்காக, ஒரே மாதிரி. அந்த மூன்று நிறங்களில் எது இதைச் சொல்லியிருக்கும்? உதவிப் பிரிவின் அறுபது விலங்குகளில் எது சொல்லியிருக்கும்? எனக்குக் கோபம் வந்தது. ஒரு தாளும் ஒரு பென்சிலும் பத்து நிமிஷமும் போதுமாக இருந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை வேனுக்காகக் காத்திருந்தேன். அன்று பார்த்துத் தாமதமாக வந்தது, குழந்தைகளை இறக்கியதும் ஓட்டுநர் பழுது பார்க்க எடுத்துப் போய்விட்டார். மதியம் தாள்களை மேடத்தின் மேஜையில் வைத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு இரண்டு முயல்களின் பெயர்களையும் அடித்தார், ஒரு மயிலின் பெயரை எழுதினார், ஓர் இடத்தைக் காலியாக விட்டார். "மணி அடிச்சு நான் கிளம்பற வரைக்கும்தான்" என்றார்.

மணி அடித்ததும் அவள் தாளை எடுத்துக்கொண்டு வேனுக்கு ஓடினேன். பாதிக் குழந்தைகள் ஏறிவிட்டார்கள். அவர் ஓட்டுநர் இருக்கையில் இருந்தார், மகள் முன் இருக்கையில். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்குக் கீழே நின்று, மூச்சு வாங்க, எல்லாவற்றையும் சொன்னேன். ஓர் ஆமை, இரண்டு பேர், தொடாத கைகள், தனி வகுப்பு.

அவர் முகம் மாறிக்கொண்டே போனது. "அன்னைக்கு பச்சைன்னு நீங்கதானே ஒட்டினீங்க? இன்னைக்கு நீங்களே இல்லைங்கறீங்க. நாளைக்கு மஞ்சள்னு வருவீங்களா? என் பொண்ணு என்ன சிக்னலா?"

பின்னாலிருந்து குழந்தைகள் சிரித்தார்கள். அவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், சிரிப்பு நின்றது.

"தப்பு என்னோடதுங்க. ஆனா அவளுக்கு அந்த வகுப்பு வேணும்."

"தனியா உட்கார வச்சா இதே வண்டியில என்ன பேசுவாங்கன்னு எனக்குத் தெரியும். தினமும் கேக்கறேனே. மக்குன்னுவாங்க. நான் ஓட்டற வண்டியிலயே என் பொண்ணை."

தாளை மட்டும் நீட்டினேன். வாங்க மாட்டார் என்று நினைத்தேன். வாங்கி ஸ்டியரிங் மேல் விரித்து வைத்து, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் போட்டுப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுல என்ன தப்பு? ரெண்டுலேர்ந்து ஏழு போகாது. ஏழுலேர்ந்து ரெண்டு போனா அஞ்சு. சரியாத்தானே போட்டிருக்கா?"

நான் கையை நீட்டி முதல் கணக்கின் நாற்பத்திரண்டைத் தொட்டுக் காட்டினேன்.

"பெருசுலேர்ந்துதான் சின்னதைக் கழிக்கணும்னு நான்தானே அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன்?" சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "நாற்பத்திரண்டு பேர் ஏறி பதினேழு பேர் இறங்கினா..." உதடுகள் அசைந்தன. விரல்கள் ஸ்டியரிங்கில் தட்டின. இருபத்தைந்தில் தட்டுவது நின்றது. தாளை ஒரு முறை பார்த்தார், மகளை ஒரு முறை பார்த்தார். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேரே சாலையைப் பார்த்திருந்தாள்.

'பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும்' என்று நானும் வகுப்பில் சொல்லாத நாள் இல்லை.

அவர் என்ஜினை நிறுத்தினார். "கொஞ்சம் வண்டியைப் பார்த்துக்கோங்க டீச்சர்" என்று இறங்கி, தாளோடு உள்ளே போனார். மேடம் கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டிருந்தார். ஓட்டுநர் ஏதோ சொல்வதும், மேடம் திரும்பி அறைக்குள் போவதும் தெரிந்தது. வேனுக்குள் இரண்டு பேர் பை விஷயமாக அடித்துக்கொண்டார்கள். ஒருவன் ஹாரனை அழுத்தினான். அவர்களை அதட்டிக்கொண்டே கண்ணைத் தாழ்வாரத்திலிருந்து எடுக்காமல் நின்றேன்.

திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எழுதிட்டாங்க. திங்கட்கிழமை முதல் ட்ரிப்லயே கூட்டிட்டு வந்துடறேன்" என்று ஏறி உட்கார்ந்தார். நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நிலையிலும் நான் இல்லை. கதவைச் சாத்தினார், வண்டி கிளம்பியது.

முன் ஜன்னலிலிருந்து பெரிய ஆமை தலையை வெளியே நீட்டினாள்.

"டீச்சர்! அப்போ ரெண்டுலேர்ந்து ஏழு எப்படித்தான் போகும்?"

என் வகுப்பில் சேர்ந்த பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் வண்டி வளைவில் திரும்பிவிட்டது.